கேட்கத் தெரிய வேண்டும்: உளவியல், சமூக அறிவியல் பயிலும் மாணவர்களுக்கு ஓர் ஆய்வுப் பாடம்

முன்னுரை

மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் சமூக அறிவியல் பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்த கடிதம் வந்த அன்று, பெரியப்பா கேட்ட முதல் கேள்வி, "இதப் படிச்சா என்னம்மா வேலை?" என்பதுதான். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. 2006-ஆம் ஆண்டு பட்டம் பெற்று வெளியேறியபோது பாதிப் பதில் தெரிந்திருந்தது. மீதிப் பாதியை என் இறுதியாண்டு ஆய்வேட்டில் நான் செய்த ஒரு பிழை கற்றுக்கொடுத்தது. அந்தப் பிழையைத்தான் இக்கட்டுரையில் பாடமாக வைக்கிறேன்.

நம் பல்கலைக்கழகம் 1969-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டு, 1971 முதல் மிண்டனில், பிரிட்டிஷ் இராணுவம் விட்டுச்சென்ற முகாமில் இயங்கத் தொடங்கியது என்பதைப் புதிதாக வரும் மாணவர் அனைவரும் அறிவர். நாட்டில் உளவியலுக்கென ஒரு துறை அமைந்தது அதற்கும் பிறகுதான். மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தில் அது 1979-ஆம் ஆண்டு உருவானது. ஆக, நாம் படிப்பது இம்மண்ணில் இன்னும் இளமையான துறை. பாட நூல்கள் ஆங்கிலத்தில், விரிவுரைகள் பெரும்பாலும் மலாயில். ஆனால், நாம் ஆராய விரும்பும் மனிதர்கள் பெரும்பாலும் நம் வீட்டுக்காரர்கள். அவர்கள் கோபப்படுவதும் அழுவதும் தமிழில். இந்த மூன்று மொழிகளுக்கும் இடையில் உள்ள பள்ளத்தில்தான் நான் விழுந்தேன்.

ஒரே செய்தி, இரண்டு துறைகள்

முதலில் ஓர் அடிப்படை. உளவியல் தனிமனிதரின் மனத்தையும் நடத்தையையும் ஆராய்கிறது. சமூகவியல் குடும்பம், வேலை, வர்க்கம், சமயம், சட்டம் எனத் தனிமனிதரைச் சூழ்ந்திருப்பவற்றை ஆராய்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிப்பதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம்.

பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கைம் 1897-ஆம் ஆண்டு தற்கொலை பற்றி ஒரு நூல் வெளியிட்டார். முழுக்க முழுக்கத் தனிப்பட்ட துயரமாகத் தோன்றும் ஒன்றுக்குக்கூட, ஒவ்வொரு சமூகத்திலும் ஆண்டுதோறும் பெரிதும் மாறாத ஒரு விகிதம் இருப்பதை அவர் காட்டினார். மனிதரைச் சமூகத்தோடு பிணைக்கும் கயிறு தளர்ந்த இடத்தில் அவ்விகிதம் உயர்கிறது என்பது அவர் முடிவு.

நம் நாட்டில், மனநல மருத்துவர் தி. மணியம் கேமரன் மலையில் செய்த ஆய்வு 1988-இல் பிரிட்டிஷ் மனநல மருத்துவ ஆய்விதழில் வெளிவந்தது. அங்கு இந்தியரிடையே இத்துயரம் மற்ற இனத்தாரைவிட அதிகமாக இருந்ததை அது எடுத்துக்காட்டியது. உளவியல் மாணவர் "அந்த மனிதர் என்ன உணர்ந்தார்?" என்று கேட்பார். சமூகவியல் மாணவர் "ஏன் இக்குழுவில் மட்டும் இத்தனை பேர்?" என்று கேட்பார். இரண்டு கேள்விகளும் வேண்டும்.

ஆனால், எந்தக் கேள்வியானாலும் அதற்கு விடை சொல்ல வேண்டியவர் குடும்பத்தார். நம் நாட்டில் தற்கொலைக்கு முயல்வது குற்றவியல் சட்டம் 309-ஆம் பிரிவின்கீழ் ஓராண்டு வரை சிறை விதிக்கத்தக்க குற்றமாக இருந்தது. அப்பிரிவு 2023-ஆம் ஆண்டில்தான் நீக்கப்பட்டது. அதுவரை, "மகனுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டால், "வயித்து வலி" என்று ஒரு தாய் சொன்னால் அதில் வியப்பில்லை. ஆகவே, கேள்வித்தாளில் வரும் விடைக்குப் பின்னால் மனம் மட்டுமல்லாமல் சட்டமும் அக்கம்பக்கத்தாரின் பேச்சும் நிற்கின்றன. உளவியலும் சமூக அறிவியலும் பிரிக்க முடியாதவை என்பதை நான் இப்படித்தான் புரிந்துகொண்டேன்.

நான் செய்த பிழை

என் ஆய்வுத் தலைப்பு, 'பெற்றோரின் அரவணைப்பும் மாணவரின் தன்மதிப்பும்'. பெருநிலத்தில் உள்ள ஓர் இடைநிலைப்பள்ளியில், படிவம் நான்கு பயிலும் தமிழ் மாணவர்கள் என் மாதிரி. ஆங்கிலத்தில் உள்ள ஒரு வினாநிரலைத் தேடி எடுத்தேன். ஓர் இரவு, தேசாசிஸ்வா விடுதியில் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைத் தமிழாக்கினேன். 'என் தந்தை என்னிடம் தம் அன்பைச் சொற்களால் வெளிப்படுத்துகிறார்', 'என் தந்தை என் சாதனைகளைப் பாராட்டுகிறார்' என்பன போன்ற கூற்றுகள். எதிரே, 'மிகவும் ஒப்புக்கொள்கிறேன்' முதல் 'சற்றும் ஒப்புக்கொள்ளவில்லை' வரை ஐந்து கட்டங்கள்.

விடைகள் வந்தன. கணினியில் ஏற்றினேன். கிரோன்பாக் 1951-இல் தந்த ஆல்ஃபா அளவும் ஏற்கத்தக்க நிலையில் இருந்தது. தந்தையரின் அரவணைப்பு மட்டும் மிகக் குறைவு. "தமிழ்த் தந்தையர் பிள்ளைகளிடம் அன்பு காட்டுவது குறைவு என ஆய்வு காட்டுகிறது" என்று ஐந்தாம் அத்தியாயத்தில் எழுதியே விட்டேன்.

நெறியாளர் ஒரு மலாய்ப் பெண்மணி. அந்த வாக்கியத்தை இருமுறை படித்துவிட்டு, "இந்தக் கூற்றுகளை உன் அம்மாவிடம் வாசித்துக் காட்டினாயா?" என்று மட்டும் கேட்டார். அன்று மாலையே வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்து, முதல் கூற்றை அப்படியே வாசித்தேன். அம்மா சிரித்துவிட்டார். "யாரும்மா இப்படிப் பேசுவாங்க? சினிமா வசனம் மாதிரில்ல இருக்கு!"

மறுவாரம் பள்ளிக்குத் திரும்பப் போனேன். விருப்பமுள்ள சில மாணவர்களிடம், படிவம் இல்லாமல் பேச அனுமதி பெற்றேன். தந்தைக்கு மிகக் குறைந்த மதிப்பெண்கள் போட்டதாகத் தானே சொன்ன ஒரு மாணவியிடம், "அப்பா பாசமா இருக்க மாட்டாரா?" என்று கேட்டேன். அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

"பாசம் இல்லாம என்னக்கா? அப்படில்லாம் வாய்விட்டுச் சொல்ல மாட்டாரு. அவருக்குப் பிறையில ஃபேக்டரி வேலை. சனிக்கிழமை காலையில நைட் ஷிஃப்ட் முடிஞ்சதும் வீட்டுக்குப் போகாம, என் டியூஷன் முடியிற வரைக்கும் பஸ் ஸ்டாப்ல மோட்டார்லேயே உக்காந்திருப்பாரு. நான் ஏறினதும் 'சாப்டியா?'ம்பாரு. அவ்ளோதான்."

உறக்கத்தை விட்டுக் காத்திருந்த அந்த மனிதருக்கு, என் வினாநிரல் ஐந்துக்கு ஒன்று போட்டிருந்தது. அவரைப் பற்றித்தான் நான் ஐந்தாம் அத்தியாயத்தில் அந்த வாக்கியத்தை எழுதியிருந்தேன். அட்டவணையோடு அச்சாகியிருந்தால், நாளை யாராவது அதை மேற்கோளாக எடுத்திருப்பார்கள்.

ஆல்ஃபா நன்றாக வந்ததே, பிறகு எப்படி? இங்கேதான் நம்பகத்துக்கும் ஏற்புடைமைக்கும் உள்ள வேறுபாடு. சௌராஸ்தா சந்தையில் ஒரு தராசு எப்போது நிறுத்தாலும் 100 கிராம் கூட்டிக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது மாறாமல் ஒரே மாதிரி காட்டுகிறது, எனவே நம்பகமானது. ஆனால் சரியான எடையைக் காட்டவில்லை, எனவே ஏற்புடையதன்று. என் கூற்றுகள் எல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போயின. அவை அளந்தது அன்பை அன்று, அன்பை வாயால் சொல்லும் பழக்கத்தை.

அளவுகோல் எங்கிருந்து வந்தது?

இது என் ஒருத்தியின் கவனக்குறைவு மட்டுமன்று. நான் பட்டம் பெற்ற பிறகு, 2008-ஆம் ஆண்டு ஜெஃப்ரி ஆர்னெட் என்ற அமெரிக்க உளவியலாளர், அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஆறு ஆய்விதழ்களை அலசினார். ஆராயப்பட்ட மாதிரிகளில் 68 விழுக்காடு அமெரிக்காவைச் சேர்ந்தவை. மேலைத் தொழில்வள நாடுகளை எல்லாம் சேர்த்தால் 96 விழுக்காடு. 2010-ஆம் ஆண்டு ஹென்ரிக், ஹைன், நோரென்சயான் ஆகிய மூவர் இந்நிலைக்கு ஒரு பெயரே சூட்டினர். மேலைநாட்டு, கல்வி பெற்ற, தொழில்வளமிக்க, செல்வமுள்ள, மக்களாட்சிச் சமூகத்தினர் என்பதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால், 'விசித்திரமானவர்' என்று பொருள்படும் சொல் கிடைக்கிறது. மனித இனத்தின் ஒரு சிறு பகுதியை அளந்துவிட்டு, அதையே மனித இயல்பு என்று பாட நூல்கள் சொல்லி வந்தன என்பது அவர்கள் வாதம்.

பெற்றோர் வளர்ப்புமுறை பற்றி நாம் மனப்பாடம் செய்யும் டயானா பௌம்ரிண்டின் பிரிவுகளும் 1960-களில் கலிபோர்னியாவில் உருவானவையே. 1994-ஆம் ஆண்டு ரூத் சாவ் என்பவர் அவற்றைச் சோதித்துப் பார்த்தார். அமெரிக்காவில் குடியேறிய சீனத் தாய்மார் அந்த அளவுகோலில் 'அதிகாரப் போக்கு' மிக்கவராகத் தெரிந்தனர். அத்தகைய வளர்ப்பு பிள்ளையின் படிப்பைக் கெடுக்கும் என்றது பாட நூல். ஆனால், அவர்களின் பிள்ளைகளோ பள்ளியில் சிறந்து விளங்கினர். சீனர் வழக்கில் 'பயிற்றுவித்தல்' என்ற கருத்து உண்டு, கண்டிப்பும் அக்கறையும் அதில் ஒன்றாகவே இருக்கின்றன, அந்தக் கட்டம் அளவுகோலில் இல்லவே இல்லை என்று சாவ் விளக்கினார். பினாங்கில் சீன நண்பர்களோடு படிக்கும் நமக்கு இதை விளங்கிக்கொள்ள அதிக நேரம் தேவையில்லை.

தமிழரைப் பற்றியே ஒரு நூல் உண்டு. அமெரிக்க மானிடவியலாளர் மார்கரெட் டிராவிக், தமிழ்நாட்டில் ஒரு குடும்பத்தோடு தங்கி வாழ்ந்து, தமிழ்க் குடும்பத்தில் அன்பு எப்படி இயங்குகிறது என்பதை 1990-ஆம் ஆண்டு நூலாக்கினார். அன்பின் இயல்புகளாக அவர் குறித்தவற்றில் அடக்கம், பழக்கம், பணிவு ஆகியவற்றோடு கொடுமையும் இடம்பெறுகிறது. அன்பு மறைத்து வைக்கப்படுகிறது, வெளிக்காட்டினால் கண் படும் என்ற அச்சம் அதில் உண்டு என்கிறார். இந்நூல் நான் பிழை செய்வதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே வெளிவந்திருந்தது. தேடாமல் விட்டது என் குற்றம்.

மக்கள் சொல்லே முதல்

அப்படியானால் எப்படித்தான் கேட்பது? ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு நல்ல வழி கிடைக்கிறது. சிம்பாப்வே நாட்டில் ஷோனா மொழி பேசுவோர் மனத்துயரைக் 'குஃபுங்கிசிசா' என்பர். அதிகமாக யோசித்தல் என்பது அதன் பொருள். நம் பாட்டிமார் "ரொம்ப யோசனையா இருக்கு" என்று சொல்வதை இங்கு நினைத்துக்கொள்ளலாம். இந்திய மனநல மருத்துவர் விக்ரம் பட்டேலும் அவர்தம் குழுவினரும் ஆங்கில வினாநிரலை மொழிபெயர்க்காமல், மக்கள் தம் துயரைச் சொல்லப் பயன்படுத்தும் சொற்களைச் சேகரித்தனர். அவற்றிலிருந்து 14 கேள்விகள் கொண்ட ஷோனா வினாநிரலை உருவாக்கி 1997-இல் வெளியிட்டனர். பின்னர், ஊர்ப் பாட்டிமாரைப் பயிற்றுவித்து, மருந்தகத்துக்கு வெளியே ஒரு பெஞ்சில் அமர்ந்து மக்களின் மனக்குறையைக் கேட்கவைக்கும் திட்டம் அந்நாட்டில் எழுந்தது. அதன் பயனை அளந்து 2016-ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வும் இதே 14 கேள்விகளைத்தான் பயன்படுத்தியது. மக்களின் சொல்லில் தொடங்கிய கேள்வி மக்களுக்கே திரும்பிப் பயன்பட்டது.

வினாநிரல் தயாரிக்கும்போது

ஆய்வேடு எழுதப்போகும் தம்பி தங்கைகள் பின்வருவனவற்றைக் கருத்தில் கொள்ளலாம்.

1. முதலில் காது கொடுங்கள். பத்துப் பதினைந்து பேரிடம், "அப்பாவுக்கு உங்கமேல பாசம்னு எதுல தெரியும்?" என்று கேட்டு, அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். நான் அப்படிக் கேட்டபோது, காத்திருப்பது, மீன் வறுவலில் பெரிய துண்டை ஒதுக்கி வைப்பது, கேட்காமலே புத்தகக் கட்டணம் கட்டுவது என்று செயல்களாகவே வந்தன.

2. உணர்வுப் பெயரைவிடச் செயலைக் கேளுங்கள். 'என் தந்தை அக்கறையுள்ளவர்' என்பதைவிட, 'நான் வீடு திரும்பத் தாமதமானால் அப்பா என்னைத் தேடி வருவார்' என்பது தெளிவானது.

3. மறுமொழிபெயர்ப்புச் செய்யுங்கள். ஒருவர் தமிழாக்கியதை, மூலத்தைப் பார்க்காத வேறொருவர் மீண்டும் ஆங்கிலமாக்கி ஒப்பிடும் முறை இது. ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970-இல் இதை விளக்கினார். ஆனால் இதை மட்டும் நம்பிவிடாதீர்கள். என் 'சினிமா வசனம்' இச்சோதனையில் எளிதாகத் தேறியிருக்கும். சொல்லுக்குச் சொல் பெயர்த்தது சொல்லுக்குச் சொல் திரும்பி வரும் அல்லவா?

4. புரிந்ததைச் சொல்லச் சொல்லுங்கள். ஒவ்வொரு கூற்றையும் படித்துவிட்டு, "இதுக்கு என்ன அர்த்தம்னு நினைக்கிறீங்க?" என்று நான்கைந்து பேரிடம் கேளுங்கள். 'நான் தனிமையாக உணர்கிறேன்' என்ற கூற்றை ஒரு மாணவன், "வீட்ல தனியா இருக்கேன்னு அர்த்தம்" என்றான். மோரிஸ் ரோசன்பெர்க் 1965-இல் வெளியிட்ட தன்மதிப்பு அளவுகோலில் 10 கூற்றுகள் உள்ளன. அதையொட்டித் தன்னைப் பற்றிப் பெருமைப்படுவது குறித்து நான் கேட்டதற்கு ஒரு மாணவி, "ஆமான்னு போட்டா தலைக்கனம்னு நினைப்பாங்கக்கா" என்றாள். அவளுக்குத் தன்மதிப்பு குறைவில்லை. அதைத் தானே சொல்லிக்கொள்வது நாகரிகமில்லை என்று வளர்க்கப்பட்டவள்.

5. விடைக் கட்டங்களைப் பாருங்கள். லிக்கர்ட் 1932-இல் தந்த ஐந்து படிகளைப் பல்கலைக்கழக மாணவர் எளிதில் புரிந்துகொள்வர். வயதானவர்கள் "ஆமா", "இல்ல", "பரவால்ல" என்ற மூன்றில்தான் விடை சொல்வார்கள். 'தினமும்', 'வாரத்தில் சில நாள்', 'எப்போதாவது' என்று காலத்தைக் கேட்பது அவர்களுக்கு எளிது.

6. மொழியைத் தேர்ந்தெடுக்க விடுங்கள். நம் பிள்ளைகளில் பலர் மலாயில் விரைவாகப் படிப்பார்கள். இரு மொழியிலும் படிவம் கொடுங்கள். எதைத் தேர்ந்தார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அதுவும் ஒரு தரவுதான்.

மறுபக்கம்

இதுவரை சொன்னதைக் கேட்டு, "நம் பண்பாட்டில் எல்லாம் அன்புதான், மேல்நாட்டு அளவுகோலுக்குத்தான் புரியவில்லை" என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. என் மாதிரியில் ஒரு மாணவன் தந்தைக்கு எல்லாக் கூற்றுகளிலும் முழு மதிப்பெண் போட்டிருந்தான். தனியே பேசியபோது, அந்தப் படிவம் தன்னுடையதுதான் என்று அவனே சொன்னான். "டீச்சர் கையிலதானே படிவத்த கொடுக்கணும்? அவங்க படிச்சா வீட்ல சொல்லிருவாங்க" என்றான். பிறகு சட்டைக் கையைச் சற்றே உயர்த்திக் காட்டினான். அது கண்டிப்பு அன்று, அடி.

ஒரே வினாநிரல், காத்திருந்த தந்தையைக் குறைத்தும் அடித்த தந்தையை உயர்த்தியும் காட்டியிருந்தது. முதல் பிழை சொற்களால் வந்தது. இரண்டாம் பிழை, நான் படிவத்தைச் சேகரித்த முறையால் வந்தது. ஒட்டிய உறையில், ஆசிரியர் கை படாமல் வாங்கியிருக்க வேண்டும். பிள்ளை இப்படிச் சொன்னால் யாரிடம் கொண்டுபோவது என்பதை ஆய்வைத் தொடங்கும் முன்பே முடிவுசெய்திருக்க வேண்டும். அன்று நான் திகைத்து நின்றேன். பின்னர் நெறியாளரின் வழிகாட்டலில் பள்ளி ஆலோசகரிடம் கொண்டுசென்றோம். இன்று 15999 என்ற தாலியான் காசே எண் இருக்கிறது. அதை உங்கள் ஒப்புதல் படிவத்திலேயே அச்சிட்டுக் கொடுங்கள். பண்பாட்டை அறிந்து கேட்பது, பண்பாட்டின் பெயரால் நடப்பதை மூடிமறைக்க அன்று. எது அக்கறை, எது கொடுமை என்று பிரித்தறியவே நமக்கு நல்ல கேள்விகள் வேண்டும்.

ஐந்தாம் அத்தியாயத்தை முழுவதும் கிழித்துவிட்டு மீண்டும் எழுதினேன். தலைப்பும் மாறியது. தமிழ் மாணவரிடம் பெற்றோர் அரவணைப்பை அளப்பதில் உள்ள சிக்கல்கள் என்பதே என் இறுதி ஆய்வேடு. முன்பு எதிர்பார்த்த உயர்ந்த புள்ளி கிடைக்கவில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

நிறைவாக

பெரியப்பாவின் கேள்விக்கு வருகிறேன். உளவியல் அல்லது சமூக அறிவியல் இளங்கலைப் பட்டம் மட்டும் பெற்றவர் ஆலோசகர் ஆகிவிட முடியாது. 1998-ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்படி, அதற்குரிய தகுதியோடு ஆலோசகர் வாரியத்தில் பதிவுபெற வேண்டும். மருத்துவ உளவியலாளராக முதுகலைப் பயிற்சி வேண்டும். அவர்களும் 2016-ஆம் ஆண்டு துணைச் சுகாதாரத் தொழிலர் சட்டத்தின்கீழ் வருகின்றனர். இதைத் தெரியாமல் சேர்ந்து, இறுதியாண்டில் கலங்கும் மாணவர் பலர். முதலாண்டிலேயே தெரிந்துகொள்ளுங்கள். மனிதவளம், சமூகநலம், ஆய்வு நிறுவனம், பத்திரிகை, ஆசிரியப் பணி என்று மற்ற வழிகளும் உண்டு.

எந்த வழியில் போனாலும், ஒருநாள் நம்மவர் ஒருவர் உங்கள் முன் அமர்ந்திருப்பார். மருத்துவமனையிலோ, பள்ளியிலோ, நலத்துறை முகப்பிலோ, "நெஞ்சு பாரமா இருக்கும்மா" என்பார். அதை இருதய நோய் என்று எழுதுவதா, மனத்துயர் என்று எழுதுவதா, இன்னும் ஒரு கேள்வி கேட்பதா என்று முடிவெடுக்கும் இடத்தில் நீங்கள் இருப்பீர்கள். இன்னும் ஒரு கேள்வியை, அவருக்குப் புரியும் சொல்லில் கேட்க வேண்டும். அதற்குத்தான் இப்படிப்பு.

பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது சற்று நேரம் யோசித்தார். "சரிதான். இங்க கேக்குறதுக்கு ஆள் இல்லாமத்தான் பாதிப் பேரு வாய மூடிக்கிட்டு இருக்கான்" என்றார். இந்த ஆண்டு ஆய்வேடு எழுதப்போகும் மாணவர்களே, உங்கள் வினாநிரலின் முதல் கூற்றை இன்றிரவே வீட்டுக்கு அழைத்து வாசித்துக் காட்டுங்கள். அம்மா சிரித்தால், மீண்டும் எழுதுங்கள்.